சார்ஜிங் நிலையச் சந்தா யாருக்குக் கட்டுப்படியாகும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 60 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) பேட்டரி உள்ள மின்சாரக் கார் வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் வீட்டிலேயே சார்ஜ் செய்கிறீர்கள், மாதத்தில் ஓரிரு நெடும்பயணங்கள் உண்டு. வழியில் மூன்று நிறுவனங்களின் சார்ஜர்கள் இருக்கின்றன. முதல் நிறுவனம் மாதச் சந்தா கட்டினால் யூனிட் விலையைக் குறைக்கிறது. இரண்டாவது, யூனிட்டுக்குப் பதில் நிமிடத்துக்கு வசூலிக்கிறது. மூன்றாவது நிறுவனத்தின் பலகையில்தான் விலை எல்லாவற்றையும்விடக் குறைவு, ஆனால் செயலியின் வாலட்டில் முன்பணம் போட்டிருந்தால்தான் சார்ஜர் இயங்கும். இவற்றில் எது மலிவு, எதில் சேரலாம் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று விதமாகச் சொல்லப்படும் விலைகளை ஒரே அளவுகோலுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது ஒன்று. நீங்கள் ஓட்டும் அளவுக்கு மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டி வைப்பது தேறுமா என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் போனால், எந்தச் சந்தாவும் லாபமாகத்தான் தெரியும்.

மின் அளவீடும் பில்லிங்கும் சார்ந்த வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சார்ஜர் மீட்டர் பற்றிய புகார்கள் என் பார்வைக்கு வருவதுண்டு. மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று தொடங்கும் புகார்களில் பெரும்பாலானவற்றில் மீட்டர் சரியாகவே இருக்கும். பலகையில் பெரிய எழுத்தில் இருந்த எண்ணுக்கும் பில்லின் கடைசி வரிக்கும் இடையில் வேறு சில வரிகள் இருப்பதே சிக்கலாக இருக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கொடுத்த விலைகளை முழு எண்களாக்கி, நாணயத்தின் பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன். கணக்கின் முறை எந்த நாணயத்துக்கும் ஒன்றுதான்.

மூன்றாவது நிறுவனத்தின் பலகையில் யூனிட் 15 என்று இருக்கிறது. அங்கே 30 யூனிட் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம், மின்சாரத்துக்கு 450. சார்ஜிங் கன்னைச் செருகியதற்கே ஒவ்வொரு முறையும் ஒரு சேவைக் கட்டணம், 30. சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்ததற்கு, சலுகை நிமிடங்கள் போக, 4 நிமிடத்துக்கு 5 வீதம் 20. ஆக 500. பலகை விலையில் வரி சேர்க்கப்படவில்லை என்று அடியில் சிறிய எழுத்தில் இருப்பதால், 10 விழுக்காடு வரி 50. மொத்தம் 550. சார்ஜரிலிருந்து வெளியேறிய 30 யூனிட்டில், பேட்டரியைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செலவானதும் காரின் மின்னணுச் சாதனங்கள் குடித்ததும் போக, பேட்டரிக்குள் சேர்ந்தது 28.5 என்று கொள்வோம். 550-ஐ 28.5-ஆல் வகுத்தால் யூனிட் 19.3 ஆகிறது. வண்டியை உரிய நேரத்தில் எடுத்திருந்தால்கூட 18.5 வந்திருக்கும். பலகையில் எழுதியிருந்த 15 பொய்யல்ல. ஆனால் அந்த விலைக்கு ஒரு யூனிட்கூட உங்கள் பேட்டரிக்குள் போகவில்லை. முதல் நிறுவனமோ வரி உள்ளடங்கிய விலையைக் காட்டுகிறது, சேவைக் கட்டணமும் வாங்குவதில்லை. அங்கே சந்தாதாரருக்கான 16 என்பது பேட்டரிக்குள் சேரும்போது 16.8 மட்டுமே. பலகைகளை மட்டும் பார்த்தால் மலிவு மூன்றாவது நிறுவனம், பில்களைப் பார்த்தால் முதலாவது. ஆனால் சந்தாத் தொகையை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பிறகு பார்க்கிறேன்.

பேட்டரிக்குள் சேர்ந்த யூனிட் என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏசி சார்ஜரில் (வீட்டில் இருப்பது போன்ற மெதுவான வகை) மாறுதிசை மின்சாரம் அப்படியே காருக்குள் வருகிறது. அதை நேர்திசை மின்சாரமாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அந்த மாற்றத்தில் ஏற்படும் இழப்பு மீட்டருக்குப் பிறகு நடப்பதால் அதற்கான பணம் உங்களுடையது. பொதுவாக அது 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட நேரம் ஏற்றினால் இன்னும் கூடும். டிசி சார்ஜரில் (நெடுஞ்சாலைகளில் உள்ள வேகமான வகை) மாற்றும் வேலை சார்ஜரின் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. மீட்டர் அதன் வெளியீட்டில் பொருத்தப்பட்டிருந்தால் அந்த இழப்பு நிறுவனத்தின் தலையில் விழும். உள்ளீட்டில் இருந்தால் உங்கள் தலையில். ஜெர்மனியின் அளவீட்டுச் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்ட மின்சாரம் மட்டுமே முத்திரையிடப்பட்ட மீட்டரால் அளக்கப்பட வேண்டும், அந்த அளவை அவர் பிறகு சரிபார்க்கவும் முடிய வேண்டும் என்று அது கேட்கிறது. எல்லா நாடுகளிலும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. நடைமுறையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது: ஏசியிலும் டிசியிலும் ஒரே யூனிட் விலை போட்டிருந்தால் ஏசி சற்று விலை கூடியது. வழக்கமாக டிசி விலை அதைவிட மிக அதிகமாக இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

இனி நிமிடக் கட்டணம். இதைத்தான் பலரும் தவறாக எடைபோடுகிறார்கள், இரு பக்கமும். சில இடங்களில் நிமிடக் கணக்கு தோன்றியதற்குச் சட்டம்தான் காரணம்: அமெரிக்காவின் பல மாநிலங்களில் மின்விநியோக நிறுவனம் அல்லாதவர் மின்சாரத்தை யூனிட் கணக்கில் விற்கக்கூடாது என்றிருந்ததால், சார்ஜிங் நிறுவனங்கள் நேரத்தை விற்றன. இன்று பெரும்பாலான இடங்களில் அந்தத் தடை நீங்கிவிட்டது, ஆனாலும் நிமிடக் கணக்கு முழுதாக மறையவில்லை. நீங்கள் சொன்ன நிமிடத்துக்கு 14 என்ற விலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் பேட்டரியை 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்றினால் 42 யூனிட். நல்ல வேகத்தில் ஏற்றும் கார் இதை அரை மணி நேரத்தில் முடிக்கும். 420-ஐ 42-ஆல் வகுத்தால் யூனிட் வெறும் 10. மூன்று நிறுவனங்களிலும் இதுவே மிக மலிவு. ஆனால் 80-க்கு மேல் பேட்டரியைக் காப்பதற்காகக் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மீதியுள்ள 12 யூனிட்டை ஏற்ற இன்னொரு 28 நிமிடம் ஆனால் அதற்கு மட்டும் 392, அதாவது யூனிட் 32-க்கும் மேல். ஒரே சார்ஜர், ஒரே கார், ஒரே நிறுத்தம். முதல் பாதியில் கொள்ளை மலிவு, இரண்டாம் பாதியில் கொள்ளை. 80 விழுக்காட்டில் கன்னைக் கழற்றும் ஒழுங்கு உள்ளவருக்கு நிமிடக் கட்டணம் நண்பன். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று விட்டுப்போகிறவருக்கு அப்படியல்ல.

அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அரை மணி நேரத்தில் 42 யூனிட் என்பது சராசரியாக 84 கிலோவாட் வேகம். உங்கள் காரின் உச்சமே 50 கிலோவாட் என்றால் அதே 42 யூனிட்டுக்கு ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். 770 கட்டுவீர்கள், யூனிட் 18.3. சார்ஜரில் 150 கிலோவாட் என்று எழுதியிருப்பது உங்கள் காருக்கு எந்த உதவியும் செய்யாது. குளிர்ந்த பேட்டரியும் இப்படியே நேரத்தை நீட்டும். இரண்டு கன் உள்ள சார்ஜர்கள் பலவற்றில், பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து செருகியதும் மின்திறன் இரண்டாகப் பிரிகிறது; யூனிட் கணக்கில் அதனால் நேரம்தான் போகும், நிமிடக் கணக்கில் பணமும் போகும். இந்த அநீதியைக் குறைக்கத்தான் டெஸ்லா, நிமிடக் கணக்கு நடக்கும் இடங்களில் வேகத்துக்கேற்ப நான்கு அடுக்கு விலைகளை வைத்திருக்கிறது: 60 கிலோவாட் வரை ஒன்று, பிறகு 100 வரை, 180 வரை, அதற்கு மேல். அடுக்கு முறை இருக்கும் இடத்தில், அடுக்கு எதைக் கொண்டு முடிவாகிறது என்று கட்டாயம் பாருங்கள். அந்த நொடியில் பாயும் வேகத்தைக் கொண்டா, அல்லது உங்கள் கார் தாங்கக்கூடிய உச்ச வேகத்தைக் கொண்டா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது முறையில், 80-க்கு மேல் ஆமை வேகத்தில் ஏறும்போதும் உச்ச அடுக்கின் விலையையே கட்டுவீர்கள்.

இப்போது சந்தா. உங்கள் முதல் நிறுவனம் மூன்று விலைகள் வைத்திருக்கிறது: செயலி எதுவும் இல்லாமல் கார்டைத் தட்டி ஏற்றினால் 22, இலவசமாகப் பதிவு செய்தவருக்கு 20, மாதம் 200 கட்டும் சந்தாதாரருக்கு 16. விளம்பரம் 22-ஐயும் 16-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அந்த ஒப்பீட்டில் யூனிட்டுக்கு 6 மிச்சம். 34 யூனிட்டில் சந்தா தேறிவிடும். ஆனால் இலவசப் பதிவு எல்லோருக்கும் கிடைக்கும்போது 22 கட்டுகிறவர் யார்? நீங்கள் ஒப்பிட வேண்டியது 20-உடன். மிச்சம் 4, தேற வேண்டியது 50 யூனிட். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் குடிக்கும் காருக்கு, இழப்பு போக, அது ஏறத்தாழ 260 கிலோமீட்டர் ஓட்டம். மாதத்தில் ஒரே ஒரு நீண்ட பயணம் போய்வந்தால் இது வந்துவிடும், ஆகவே சந்தா லாபம் என்று இங்கே பலரும் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அது போதாது. உங்கள் வழியில் மூன்றாவது நிறுவனமும் இருக்கிறது. (இரண்டாவது நிறுவனத்தின் நிமிட விலை காரையும் வேகத்தையும் பொறுத்து மாறுவதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) அங்கே 30 யூனிட் ஏற்றி உரிய நேரத்தில் வண்டியை எடுத்தால் மொத்தம் 528, அதாவது மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு 17.6. சந்தாதாரர் விலைக்கும் இதற்கும் இடைவெளி 1.6 மட்டுமே. 200-ஐ 1.6-ஆல் வகுத்தால் 125 யூனிட். மாதம் 125 யூனிட்டுக்கு மேல், அதுவும் அந்த ஒரே நிறுவனத்தின் சார்ஜர்களில் மட்டும், ஏற்றினால்தான் சந்தா உங்களுக்கு லாபம். ஒவ்வொன்றும் 30 யூனிட்டாக நான்கு நிறுத்தங்களுக்கும் சற்று மேல் என்று கொள்ளுங்கள். சந்தாவின் லாபத்தை அந்த நிறுவனத்தின் சொந்த உயர் விலையோடு ஒப்பிடக்கூடாது. சந்தா இல்லாவிட்டால் நீங்கள் உண்மையில் எங்கே போய் ஏற்றியிருப்பீர்களோ அந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு மாற்றம் தேற வேண்டிய அளவை 34-லிருந்து 125-க்குத் தூக்கிவிட்டதைக் கவனியுங்கள். நான் இந்தப் பதிலில் அழுத்திச் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

ஆகவே உங்களுக்கு என் நேரான பதில்: வழக்கமான மாதங்களில் சந்தா வேண்டாம், மூன்று நிறுவனங்களிலும் இலவசப் பதிவை மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட விடுமுறைப் பயணம் வரும் மாதத்தில் மட்டும் சந்தாவை வாங்கி, வாங்கிய அன்றே அடுத்த மாதத்துக்கான தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான மாதச் சந்தாக்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. கட்டிய மாதம் முடியும்வரை சலுகை தொடரும். சில திட்டங்களில் குறைந்தபட்சக் காலக்கெடு இருக்கும், சில ஆண்டுக் கட்டணமாக மட்டுமே கிடைக்கும். சேரும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாத, முழுக்கப் பொது சார்ஜரையே நம்பியிருப்பவருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலே அவருக்கு 180 யூனிட்டுக்கு மேல் தேவைப்படும். அவர் வீட்டருகே அந்த நிறுவனத்தின் சார்ஜர் இருந்தால் சந்தா முதல் மாதத்திலேயே தேறும். வாடகைக் கார் ஓட்டுநருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சந்தாவின் சலுகை எதற்கெல்லாம் பொருந்தாது என்பதையும் படிக்க வேண்டும். அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் சலுகை அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜர்களுக்கு மட்டும்தான். செயலியின் வரைபடத்தில் தெரியும் சார்ஜர்கள் எல்லாம் அவர்களுடையவை அல்ல. இங்கே இந்தத் தொழிலின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். சார்ஜரை நிறுவி நடத்துபவர் ஒருவர். வாடிக்கையாளருக்குச் செயலியோ அட்டையோ கொடுத்து பில் போடுபவர் இன்னொருவராக இருக்கலாம். இருவரையும் ரோமிங் ஏற்பாடு இணைக்கிறது. ஐரோப்பாவில் 2012-இல் பெர்லினில் தொடங்கிய ஹப்ஜெக்ட் போன்ற இணைப்பு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. செல்போனில் வெளியூர் ரோமிங் இருந்ததைப் போலத்தான் இதுவும். விளைவு என்னவென்றால், விலை சார்ஜருக்கு உரியதல்ல, நீங்கள் காட்டும் அட்டைக்கு உரியது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே மாதிரி சார்ஜரில், ஒரே நேரத்தில், வெவ்வேறு செயலிகள் வழியாக வெவ்வேறு விலை கட்டுவது அன்றாடம் நடப்பது. எல்லா நிறுவனங்களையும் ஒரே செயலியில் தருகிறோம் என்பவர்கள் வசதியைத் தருகிறார்கள், உண்மைதான்; அந்த வசதிக்கான விலை யூனிட்டுக்குள் ஒளிந்திருக்கும். அவசரத்துக்கு அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, அடிக்கடி போகும் இடத்துக்கு அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துவது நல்லது.

புதிய கார்கள் சிலவற்றில் கன்னைச் செருகியவுடன் சார்ஜர் காரை அடையாளம் கண்டு தானே தொடங்கிவிடும் வசதி உண்டு. ஐஎஸ்ஓ 15118 என்ற தரநிலையின்படி இயங்குவது. செயலியைத் திறக்கவே வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் காருக்குள் பதிவாகியிருக்கும் ஒப்பந்தம் எதுவோ அதன் விலைதான் விழும். கார் நிறுவனம் முதல் ஆண்டு இலவசமாகக் கொடுத்த திட்டம் காலாவதியாகி, சாதாரண விலைக்கு மாறியிருந்தாலும் கார் சொல்லாது. நீங்கள் வேறொரு சந்தாவுக்குப் பணம் கட்டிக்கொண்டே, காரின் பழைய ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடும். சந்தா எடுத்தால் அந்த ஒப்பந்தத்தைக் காரில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வசதியை அணைத்துவிட்டுச் செயலியிலிருந்தே தொடங்குங்கள்.

மலிவான சார்ஜரைத் தேடி வழிவிலகுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து 10 கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டர், அதற்கே 3.6 யூனிட் செலவாகிறது. 30 யூனிட் ஏற்றும் நிறுத்தத்தில் 10 விழுக்காடு தள்ளுபடி என்பது 3 யூனிட்டின் விலை. தள்ளுபடியைத் தேடிப் போனதில் தள்ளுபடியே தீர்ந்துவிட்டது, நேரம் தனி. வழியிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் விலையை ஒப்பிடுங்கள். அதோடு, போய்ச் சேர்ந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் சந்தாவுக்கு என்ன மதிப்பு? ஒரே ஒரு சார்ஜர் நிற்கும் மலிவான இடத்தைவிட, நான்கைந்து சார்ஜர் நிற்கும் சற்று விலை கூடிய இடத்தையே நான் நெடும்பயணத்தில் தேர்ந்தெடுப்பேன். இது கணக்கல்ல, என் விருப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சந்தா எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் சார்ஜர்களில் சமீபத்தில் ஏற்றியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று, உங்கள் வழியில் உள்ள நிலையங்களுக்கு மட்டுமாவது, பார்த்துவிடுவது அவசியம்.

பொது டிசி சார்ஜர் ஏன் வீட்டு மின்சாரத்தைவிட இவ்வளவு விலை, சந்தா என்ற ஒன்றை நிறுவனங்கள் ஏன் விரும்பித் தருகின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. பெரிய மின் இணைப்புகளுக்கு, மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பதற்கு மட்டுமல்லாமல், அந்த மாதத்தில் ஒரு கணம் எட்டிய உச்ச மின்திறனுக்கும் கட்டணம் உண்டு. நாள் முழுக்க ஓரிரு வண்டிகளே வரும் 150 கிலோவாட் சார்ஜருக்கும், இடைவிடாமல் ஓடும் சார்ஜருக்கும் அந்த உச்சக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டம் வர வர ஒவ்வொரு யூனிட்டின் மேலும் விழும் நிலைச்செலவு குறைகிறது. சந்தா கட்டியவர் வேறு இடத்துக்குப் போக யோசிப்பார். நிறுவனத்துக்கு வேண்டியது அதுதான். இதில் தவறொன்றும் இல்லை, ஆனால் சலுகையின் நோக்கம் தெரிந்திருந்தால் அதன் எல்லையும் தெரியும். கூட்டம் குறைந்த நேரங்களில் விலையை இறக்குவதும் இதே காரணத்தால்தான். இரவு பத்து மணிக்கு மேலோ அதிகாலையிலோ பயணத்தை அமைத்துக்கொள்ள முடிந்தால், சந்தா இல்லாமலே சந்தாதாரர் விலையை ஒட்டி வாங்க முடியும் நிறுவனங்கள் உண்டு.

இதன் மறுபக்கம்தான் நிறுத்தக் கட்டணம். சார்ஜ் முடிந்தும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டிக்கு டெஸ்லா 2016 டிசம்பரில் இப்படியொரு கட்டணத்தை அறிவித்தது. நிலையத்தில் பாதி இடங்களாவது நிரம்பியிருந்தால் விழும், முழுதும் நிரம்பியிருந்தால் இரட்டிப்பாகும், சார்ஜ் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் தள்ளுபடியாகும். இன்று அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் இதை வைத்திருக்கிறார்கள். சந்தாவின் சலுகை இந்தக் கட்டணத்தைப் பொதுவாகத் தொடாது. ஒரே முறை மறந்து அரை மணி நேரம் நின்றால் மாதச் சந்தாவில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

மேலே சொன்னவற்றில் எவை உறுதி, எவை மாறக்கூடியவை என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சந்தா தேறும் அளவைக் கணக்கிடும் முறை வெறும் வகுத்தல். அதில் ஐயம் இல்லை. 80-க்கு மேல் வேகம் குறையும் என்பதும் உறுதி. எவ்வளவு குறையும் என்பது காருக்குக் கார், வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், ஆகவே நான் சொன்ன 28 நிமிடத்தை உங்கள் காரின் நிமிடத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இழப்பு விழுக்காடும் அப்படியே. உங்கள் காரின் திரையில் ஏறியதாகக் காட்டும் யூனிட்டையும் பில்லில் உள்ள யூனிட்டையும் சில முறை குறித்து வைத்தால், என் பொது எண்ணைவிட நம்பத்தக்க எண் உங்களிடமே இருக்கும். விலைகள் எல்லாவற்றையும்விட வேகமாக மாறுபவை. விலையின் வடிவமே ஒரே நாளில் மாறலாம். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் உள்ள அயோனிட்டி, ஒரு முறை செருகினால் எவ்வளவு ஏற்றினாலும் ஒரே கட்டணம் என்ற முறையை 2020-இன் தொடக்கத்தில் கைவிட்டு யூனிட் கணக்குக்கு மாறியபோது, பெரிய பேட்டரிக்காரர்களின் கணக்கு முழுக்கத் தலைகீழானது. ஆண்டுச் சந்தாவை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பிடும் வேலையைச் சட்டம் சில இடங்களில் எளிதாக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1804 ஒழுங்குமுறையின்படி, 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்கள், பதிவு செய்யாதவருக்கும் வங்கி அட்டை மூலம் ஏற்றும் வசதியும் யூனிட் கணக்கிலான விலையும் தர வேண்டும். அதன்மேல் இடத்தை அடைத்து நிற்பதற்கு மட்டும் நிமிடக் கட்டணம் சேர்க்கலாம். பிரிட்டனின் 2023-ஆம் ஆண்டு விதிகளும் யூனிட் கணக்கில் விலையைக் காட்டச் சொல்கின்றன. அதோடு வேக சார்ஜர் நெட்வொர்க்குகள் ஆண்டுச் சராசரியில் 99 விழுக்காடு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன. இத்தகைய விதி இருக்கும் இடத்தில், பதிவு எதுவும் செய்யாதவருக்கான விலையே உங்கள் ஒப்பீட்டின் மேல்வரம்பு. எந்தச் சந்தாவும் ரோமிங் அட்டையும் அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், சில சமயம் இருப்பதில்லை.

மூன்றாவது நிறுவனத்தின் வாலட் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தபட்சம் இவ்வளவு போட வேண்டும் என்று ஒரு தொகையை வைப்பார்கள்; நிறுத்தத்துக்குத் தேவையானதோ அதைவிடக் குறைவாக இருக்கும், மீதி அங்கேயே தங்கும். ஐந்து செயலிகளில் ஐந்து மீதங்கள் என்றால் அது ஒரு மாதச் சந்தாவைவிடப் பெரிய தொகையாகிவிடும். மீதத்தைத் திரும்பப் பெற முடியுமா, காலாவதி உண்டா என்பதை முதல் முறை பணம் போடும் முன்பே பாருங்கள். திரும்பத் தருவதில்லை என்றிருந்தால் பயணத்துக்குத் தேவையானதை ஒட்டி மட்டும் போடுங்கள். வாலட் இல்லாமல் வங்கி அட்டையில் ஏற்றும்போதும், தொடங்கும் முன் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு உண்மைத் தொகையை எடுத்து மீதியை விடுவிப்பார்கள். அது இரட்டை வசூல் அல்ல. ஆனால் விடுவிக்கச் சில நாள் ஆகலாம் என்பதால், ஒரே நாளில் மூன்று நான்கு நிறுத்தங்கள் இருக்கும் பயணத்தில் கணக்கில் போதிய பணம் இல்லாத அட்டையை நம்பிப் புறப்பட வேண்டாம்.